கடலோர வீட்டுக்கு எந்த கன்சோல்? ஸ்விட்ச் 2, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

துபாயிலிருந்து விடுப்பில் வந்த மச்சான் கொண்டுவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, எங்கள் கீழக்கரை வீட்டில் டிவிக்கு அருகே இடம்பிடித்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 ஏற்கெனவே வீட்டில் உண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பக்கத்து வீட்டில். படத் துல்லியத்தை வைத்து இவற்றை ஒப்பிடுவோர் ஏராளம். நம் கரையில் மின்சாரம், இணையம், உப்புக்காற்று ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மின்சாரத்தில்தான் ஸ்விட்ச் 2 என்னை வென்றது. பிளேஸ்டேஷன் 5 பெரிய ஆட்டங்களில் ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது. வாடைக்காற்று மாதங்களில் மாலை மழையோடு மின்சாரம் போனால், விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட இன்வெர்ட்டரில் டிவியையும் இதையும் சேர்த்து ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை. சட்டென்று நின்றுபோனால் சேமிக்காத ஆட்டம் போனதுதான். சீரிஸ் எஸ் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் டிவி இல்லாமல் அதனால் பயனில்லை. ஸ்விட்ச் 2-க்கோ 7.9 அங்குலத் திரையும் பேட்டரியும் சொந்தமாக உண்டு. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கிலிருந்து கையில் எடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்கிறது. பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் தாங்கும் என்கிறது நிறுவனம். கனமான ஆட்டங்களுக்குக் குறைந்த கணக்கையே நம்புங்கள்.

இணையத்தில் சீரிஸ் எஸ் பின்தங்குகிறது. அதில் டிஸ்க் போடும் வசதியே இல்லை, எல்லாமே பதிவிறக்கம். 100 ஜிபி ஆட்டத்தை, நாளுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் இறக்க 50 நாள் ஆகும். ஃபைபர் இணைப்பு வராத தெருக்களில் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க்கிலோ 100 ஜிபி வரை அடங்கும். வளைகுடாவில் வாங்கிய டிஸ்க் இங்கேயும் ஓடும். கூடுதல் பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கும்முன் மட்டும், டிஸ்க்கின் பிராந்தியமும் உங்கள் கணக்கின் பிராந்தியமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

ஸ்விட்ச் 2-இன் ஆட்டக் கார்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. சிலவற்றில் முழு ஆட்டமும் இருக்கிறது. சைபர்பங்க் 2077 அப்படி 64 ஜிபி கார்டில் வருகிறது. 'கேம்-கீ கார்டு' என்று அட்டையில் குறித்திருந்தால் உள்ளே திறவுகோல் மட்டும்தான், ஆட்டத்தைப் பதிவிறக்கியே தீர வேண்டும். ஊருக்கு வாங்கி வரச் சொல்லும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்நினைவகம் 256 ஜிபி. கூட்ட விரும்பினால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய ஸ்விட்சின் சாதாரணக் கார்டில் ஆட்டங்களை வைக்க முடியாது.

உப்புக்காற்றுக்கு மூன்றுமே தப்பாது, மூன்றிலும் விசிறி உண்டு. பிளேஸ்டேஷன் 5-இன் பக்க மூடிகளைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடலாம். உப்பு ஈரத்தை அத்துளைகள் பிடித்து வைக்காது. ஆகவே கடல் பார்த்த ஜன்னலடியில் வைக்காதீர்கள். ஸ்விட்சை ஆடி முடித்ததும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டலாம், அது பெரிய வசதி.

பழுது என்று வந்தால் நிலைமை தலைகீழ். நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. உத்தரவாதத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், அங்கே மலிவாகக் கிடைக்கும் உள்நாட்டுப் பதிப்பை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு, ஜப்பான் கணக்குகளைத்தான் ஏற்கும். 2024 ஏப்ரலில் டிஸ்க் வசதியுள்ள மெலிந்த பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 54,990 ரூபாய்க்கு அறிமுகமானது. ஸ்விட்ச் 2-இன் அமெரிக்க அறிமுக விலை 449.99 டாலர். ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அது பிளேஸ்டேஷனின் அந்த விலையைவிடக் குறைவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்நாட்களில் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. ஸ்விட்ச் 2-இன் இருபுறமும் உள்ள கன்ட்ரோலர்களான ஜாய்கான்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், வேறு கன்ட்ரோலர் எதுவும் வாங்காமல் அப்பாவும் மகளும் மரியோ கார்ட் பந்தய ஆட்டம் ஓட்டலாம். அத்தகைய வீட்டுக்கு என் தேர்வு ஸ்விட்ச் 2. ஃபைபர் இணைப்பும், கடல் காற்று நேரே படாத அறையும், தனியாக உட்கார்ந்து பெரிய கதைகளை ஆடும் ஆளும் இருந்தால் டிஸ்க் வைத்த பிளேஸ்டேஷன் 5-ஐயே வாங்குங்கள்.