ஆறு ஆண்டுத் தோல் வேலையில் கையில் நின்றவை

2019 தை மாதத்தில் நான் முதன்முதலாகத் தைத்த பணப்பை இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. தைத்த அன்று பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இப்போது கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மூலையில் தையல் துளைகள் கோணலாக ஓடுகின்றன. விளிம்பு ஓரிடத்தில் பிரிந்து, மறுபடி ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு தையல்கூட அறுந்ததில்லை. பகலில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. இரவு எட்டு மணிக்குமேல் தோலும் ஊசியும். இந்த ஆறு ஆண்டுகளில் வாங்கியவற்றில் எவை உழைத்தன, எவை மூலைக்குப் போயின என்று எழுதிவைத்தால், மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பணமாவது மிஞ்சும்.

முதலில் வாங்கியது இணையத்தில் விற்ற 48 உருப்படிகள் கொண்ட பெட்டி. அதில் இன்றுவரை நான் தொடுகிறவை மூன்று: குத்தூசி, விளிம்பு தேய்க்கும் மரக்கட்டை, கோடு போடும் கவராயம். பூ அச்சுகள், பொத்தான் அடிக்கும் கருவிகள், நான்கு வண்ண நூல்கண்டு எல்லாம் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கின்றன. அதே பணத்துக்கு ஒரு நல்ல கத்தியும் ஒரு நல்ல பல் உளியும் வாங்கியிருக்கலாம். தோல் வேலைக்குக் கருவிகள் நிறைய வேண்டியதில்லை. இருக்கிற நாலைந்தும் கூராக இருக்க வேண்டும், அவை நிற்கிற இடம் சரியாக இருக்க வேண்டும். இது எனக்குப் பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின.

பல் உளி என்று நான் சொல்வது, தையல் துளைகளை ஒரே இடைவெளியில் குத்துகிற முள்கரண்டி போன்ற உளியை. பெட்டியில் வந்ததன் பற்கள் சொரசொரப்பாக இருந்தன. அடித்துவிட்டு உருவினால் தோலும் சேர்ந்து எழும்பியது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு மேடு விழுந்தது. பிறகு 4 மி.மீ. இடைவெளி கொண்ட, பற்கள் மெருகேற்றிய ஒன்றை வாங்கினேன். நாலு பல் ஒன்று, வளைவுகளுக்கு இரண்டு பல் ஒன்று. கடைசித் துளையில் முதல் பல்லை வைத்து அடுத்த அடியைப் போட்டால் இடைவெளி தவறாது. அடிக்கும் முன் பற்களைத் தேன்மெழுகில் ஒரு தடவை குத்தி எடுத்தால் உருவும்போது தோல் எழும்பாது. ஐந்து ஆண்டுகளாக இதே இரண்டு உளிகள்தான். இரும்புச் சுத்தியலால் அடித்த நாட்களில் தலைப்பகுதி பிதுங்கத் தொடங்கியது. அதன்பின் ஆசாரி ஒருவரிடம் புளியங்கட்டையில் கொட்டாப்புளி செய்து வாங்கினேன். அதைவிட நல்ல சுத்தியல் இந்த வேலைக்கு இல்லை என்பேன்.

அடியில் வைக்கும் கல் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டு, கடையில் கழிவாகக் கிடந்தது. கல்லின் மேல் நேராகக் குத்தினால் உளிப்பல் மழுங்கிவிடும் என்பதால் காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை இடையில் போடுகிறேன். சத்தம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டு ஆசிரியர் ஐயா ஒருநாள் வாசலில் நின்று, "தம்பி, பேத்தி இப்போதுதான் தூங்கினாள்" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிரவே வேலையை நிறுத்திவிட்டேன். பிறகு கல்லுக்கு அடியில் சாக்கில் கட்டிய மணலை வைத்தேன். அடிக்கும் இடத்தை மேசையின் நடுவிலிருந்து காலுக்கு நேர் மேலே மாற்றினேன். சத்தம் பாதிக்குக் கீழே இறங்கியது. அடியும் முன்னைவிடத் திடமாக விழுகிறது. அப்படியும் ஒன்பதரைக்குமேல் துளை போடுவதில்லை. அந்த நேரம் தைப்பதற்கு.

கத்தி விஷயத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாசி வீதி ஓரத்தில் செருப்புத் தைக்கிற பெரியவர். விலை கூடிய கத்தி ஒன்றை வாங்கி, அது வெட்டவில்லை என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தோல் வாரில் பத்து இழுப்பு இழுத்துக் கொடுத்தார். மூன்று மி.மீ. எருமைத் தோல் வெண்ணெய் போல விலகியது. "நாலு வெட்டுக்கு ஒருக்கால் வாரில் இழுங்கள் தம்பி, கல்லுக்குப் போகவே வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு பலகையில் கழிவுத் தோலை ஒட்டிப் பச்சை மெருகுக்கட்டியைத் தேய்த்து வைத்தேன். கத்தியின் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் வர இழுக்க வேண்டும். கத்தி தீட்டும் தண்ணீர்க் கல்லை இப்போது மாதம் ஒருமுறைகூட எடுப்பதில்லை. தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும்போது எனக்கு இருந்த பயமெல்லாம் மொட்டைக் கத்தியால் வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தோலுக்கு மதுரையிலிருந்து சுமார் 65 கி.மீ. தொலைவில் திண்டுக்கல் இருப்பது நமக்கு வாய்த்த பாக்கியம். பதனிடும் தொழில் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தென்னாட்டுத் தோல் கடல் கடந்து போனது. பின்னர் வாட்டில் மரப்பட்டை அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது. வாங்கப் போகிறவர் அறிய வேண்டியது, பட்டையில் பதனிட்டதா குரோமியம் உப்பில் பதனிட்டதா என்பதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உறிஞ்சிக் கருக்கும். குரோம் தோலின் வெட்டுவாயில் பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். குரோம் தோல் மென்மையானது, மழைக்கு அஞ்சாதது, பைக்கு நல்லது. ஆனால் அதன் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காது, அச்சும் நிற்காது. முதல் முறை போனபோது இது தெரியாமல் பன்னிரண்டு சதுர அடி குரோம் தோலைப் பெல்ட்டுக்கு என்று வாங்கிவந்தேன். மூன்று மாதத்தில் அந்தப் பெல்ட் இழுபட்டுத் துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. பட்டையில் பதனிட்ட எருமைத் தோலில் செய்த அடுத்த பெல்ட்டுக்கு இப்போது ஐந்தாவது ஆண்டு.

நூல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 4 மி.மீ. இடைவெளியில் போட்ட துளைகளுக்கு 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் விட்டு எடுக்க வேண்டும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். வெள்ளை நூல் மட்டும் வேண்டாம். மதுரை வெயிலில் வேர்த்த கை பட்டு ஒரு சித்திரைக்குள் அழுக்கேறிவிடும்.

இடத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் மொட்டை மாடியில் தகரக் கூரை அறையில் வேலை செய்தேன். சத்தமும் நாற்றமும் வீட்டுக்குள் வராது என்று நினைத்தேன். கோடையில் ரப்பர் பசை டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போனது. மெழுகு நூல் உருண்டை ஒட்டிக்கொண்டது. ஐப்பசி அடைமழையில் அதைவிடப் பெரிய இழப்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த அரைத் தோல் முழுவதும் பூஞ்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து நிழலில் காயவைத்தேன். பூஞ்சை போனது, புள்ளிகள் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் கனக்கிறது. ஒரு மாட்டின் தோல் அது, என் கவனக்குறைவால் வீணானது.

2021இல் முன்னறைக்கு இறங்கி வந்தேன். எட்டுக்கு ஆறு அடி இடம் போதுமானதாக இருக்கிறது. தோலைப் பழைய செய்தித்தாளோடு சேர்த்துச் சுருட்டி, அகலமான பி.வி.சி. குழாய்களில் இரு முனையும் திறந்தபடி சுவரில் படுக்கவைத்திருக்கிறேன். கருவிகளை அளவு பார்த்து அடுக்கியதை விட்டுவிட்டு வேலை நடக்கிற வரிசையில் மாட்டினேன்: இடமிருந்து வெட்டுவது, சீவுவது, ஒட்டுவது, துளைப்பது, தைப்பது, விளிம்பு தேய்ப்பது. இந்த ஒரு மாற்றம் ஒரு பணப்பையில் எனக்கு அரைமணி நேரத்தை மிச்சமாக்கியது. வீட்டில் குழந்தை இருப்பதால் பசையையும் தண்ணீரில் கரையும் வகைக்கு மாற்றிவிட்டேன். காய நேரமெடுக்கும், பிடிப்பில் குறையில்லை.

எண்ணெய்க்கு விளக்கெண்ணெய்தான். மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கிற கமலைக் கூனையின் தோல் வாலுக்குத் தாத்தா அதைத்தான் தடவுவார். தேங்காய் எண்ணெய் போட்ட ஒரு பை இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடித்தது. விளக்கெண்ணெயையும் துணியில் தொட்டு மெலிதாகத் தடவினால் போதும், கூடினால் பிசுபிசுக்கும்.

சென்ற சித்திரைக்கு முன் தெருப்பையன் ஒருவன் அவன் அப்பாவின் தோப்பறையைக் கொண்டுவந்தான். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்டுத்தோல் பை. "அண்ணே, தையல் வழியாக ஒழுகுகிறது" என்றான். பல் உளியின் துளை இதற்குப் பெரிது. பெட்டியில் வந்த அந்தக் குத்தூசியைத் தீட்டி, ஒவ்வொரு துளையாகக் குத்தி, துளையை நிறைக்கிற தடிமனில் மெழுகு நூலை இழுத்தேன். இரண்டு இரவு ஆனது. தைத்த வரிசையின் மேல் மெழுகை உருக்கித் தடவி, தண்ணீர் நிரப்பி விடியும்வரை தொங்கவிட்டேன். தரையில் ஈரமில்லை. வைகைக் கரை ராமராயர் மண்டபத்தில் அந்தப் பையை அவன் தோளில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த சித்திரைக்கு இன்னும் இரண்டு தோப்பறைகள் வந்திருக்கின்றன. செய்தித்தாளில் சுருட்டி, குழாயின் மேல் வரிசையில் வைத்திருக்கிறேன்.