சாம்பல் கங்காரு: கிழக்கு வகையும் மேற்கு வகையும்

ஆஸ்திரேலியாவில் சாம்பல் கங்காரு இரண்டு வகை. பெயரை மட்டும் நம்பிப் போனால் குழப்பம்தான், ஏனென்றால் 'மேற்கு' வகை, மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தென்கரையோரமாக விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதிகள் வரை பரவியிருக்கிறது. கங்காரு தீவில் இருப்பதும் இதுதான். கிழக்கு வகை குவீன்ஸ்லாந்து முதல் டாஸ்மேனியா வரை.

நிறத்தைப் பார்த்தால், கிழக்கு வகை வெளிர் சாம்பல், வயிறு வெளுப்பு. மேற்கு வகை பழுப்பு கலந்தது, முகம் கருமை. ஆனால் வெயிலில், தூரத்தில் நின்றால் இது அவ்வளவு உதவாது. நம் மூக்கு நம்பகமானது: வளர்ந்த மேற்கு ஆண் கங்காருவிடம் மசாலாக் குழம்பு போல ஒரு வீச்சம் அடிக்கும். அங்குள்ளவர்கள் அதை 'ஸ்டிங்கர்' (stinker, அதாவது நாற்றம் பிடித்தது) என்றே கூப்பிடுகிறார்கள். பாவம்!

எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இனப்பெருக்கம். கிழக்கு வகையில் கர்ப்பகாலம் சுமார் 36 நாள், மேற்கில் 30 அல்லது 31. பையில் குட்டி பால் குடிக்கும்போதே கிழக்குத் தாய் மறுபடி கருவுற்று, அந்தக் கருவை வளரவிடாமல் நிறுத்தி வைக்க முடியும். எப்போதாவதுதான் அப்படிச் செய்கிறது. மேற்குத் தாய்க்கு அந்த வித்தை கிடையாது.

மேற்குக்கும் ஒரு பலம் உண்டு. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் ஃப்ளூரோஅசிட்டேட் என்ற கொடிய நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது. அங்கேயே வாழ்ந்து பழகிய மேற்குக் கங்காருக்கள் அதைக் கணிசமாகத் தாங்கும்.

இரண்டும் ஒரே புல்வெளியில் மேயும் இடங்களும் உண்டு. அப்படியிருந்தும் காட்டில் அவை ஒன்றோடொன்று இணைசேர்வது மிக அரிது.