மாவுப்பாலில் மணல் நீக்கம்: படிவுத் தொட்டியா, ஹைட்ரோசைக்ளோனா?

மாவுப்பால் என்பது மாவுச்சத்துத் துகள்கள் நீரில் கலந்த கலவை. மாவுச்சத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், மணலின் அடர்த்தி சுமார் 2.65 கிராம், இரண்டு முறைகளும் இந்த வேறுபாட்டையே நம்பியுள்ளன.

படிவுத் தொட்டிக்கு மின்செலவு அநேகமாக இல்லை. ஆனால் மணலை மட்டும் படியவிட்டு மாவை மிதக்கவைக்கும் ஓட்ட வேகத்தைப் பிடிப்பது எளிதன்று. வேகம் சற்றுக் குறைந்தாலும் மாவும் சேர்ந்து படிந்து, அடிவண்டலோடு வீணாகும். மேலும், நெடுநேரம் தேங்கும் பால் புளித்து, மாவின் வெண்மை மங்கும்.

ஹைட்ரோசைக்ளோனில், கூம்புக்குள் பக்கவாட்டில் அழுத்தத்துடன் பாயும் பால் சுழல, கனமான மணல் சுவரோரமாக இறங்கிக் கீழுள்ள கலத்தில் சேர, மாவுப்பால் மேல்வாய் வழியே வெளியேறுகிறது. கலத்துக்குள் சிறிதளவு நன்னீரைச் செலுத்தினால், மணலோடு இறங்கிய மாவும் மேலே திரும்பிவிடும். இதில் சுழலும் பாகமே இல்லை; ஆனால் பம்பு அழுத்தம் ஏறி இறங்கினால் பிரிப்பு கெடும். கூம்பின் முனையை மணல் அரிப்பதால், அங்கே பீங்கான் உள்ளுறை நல்லது.

மிகச் சிறிய ஆலைக்குத் தொட்டி போதும். தொடர்ந்து ஓடும் ஆலைக்கு ஹைட்ரோசைக்ளோனையே பரிந்துரைப்பேன். அதையும், பாலை வேகமாகச் சுழற்றி மாவைப் பிரிக்கும் மையவிலக்குப் பிரிப்பானுக்கு முன்பே பொருத்த வேண்டும், இல்லையெனில் அந்தப் பிரிப்பானின் நாசில்களை (சிறு துளைவாய்களை) மணல் தேய்த்துவிடும்.