பைப் கேஸ் பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு: குழாய் சரி, ஆட்கள்தான் கவலை

இணைப்பு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். சிலிண்டர் எப்போது தீரும் என்ற கவலை இல்லை, உருட்டி வந்து மாட்டும் வேலை இல்லை, அடுப்படியில் கொஞ்சம் இடமும் மிச்சம். பல வருடமாகப் பயன்படுத்துகிறோம், இந்த விஷயங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் குழாயின் தரம் என்ன, ரெகுலேட்டர் எப்படி என்று பொருட்களைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பொருட்கள் அதிகம் தொல்லை தரவில்லை. தொல்லை வந்ததெல்லாம் குழாய் எங்கே போகிறது, வாடை வந்தால் என்ன செய்வது என்று தெரியாத ஆட்களால்தான். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றித்தான்.

பொருட்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பல நாடுகளில் வீட்டு அடுப்புக்கு வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விட ஏறக்குறைய 20 மில்லிபார்தான் அதிகம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே சுமார் 1013 மில்லிபார் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். சிலிண்டருக்குள் திரவமாக அடைத்திருக்கும் எல்பிஜி பல பார் அழுத்தத்தில் இருக்கும் (ஒரு பார் என்றால் 1000 மில்லிபார்). அப்புறம், இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதியை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். எல்பிஜி போலத் தரையில் தேங்காமல் மேலே எழும், ஜன்னல் திறந்திருந்தால் கலைந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப ஆபத்தே இல்லையா" என்று கேட்கக் கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். மேலே எழும் வாயு கூரையடியில், ஃபால்ஸ் சீலிங்குக்குள், மூடிய அலமாரிக்குள் சேரும். சிலிண்டரிலிருந்து பைப்புக்கு மாறுகிறவர்கள் பழைய பழக்கத்தில் தரையோரமாகவே மோந்து பார்ப்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். கசிவு அலாரம் விஷயத்திலும் அதே கதைதான். எல்பிஜி அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, மீத்தேன் அலாரம் கூரைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டியது. பழையதைக் கழற்றி மேலே மாட்டினால் மட்டும் போதாது, மீத்தேனைக் கண்டறியும் என்று அதன் மேலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். சென்சாருக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து மாற்றிவிட வேண்டியதுதான்.

அடுப்பையும் அப்படியே மாட்டிவிட முடியாது. எல்பிஜி அடுப்பில் பர்னருக்குள் வாயு பாயும் ஜெட்டின் துளை சிறியது. இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய துளை வேண்டும். இணைப்புக் கொடுக்க வந்தவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். இடம் மாறிப் போகிறவர்கள் அந்த அடுப்பைத் திரும்பச் சிலிண்டரில் மாட்டுவதற்கு முன் ஜெட்டை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தீ எக்கச்சக்கமாகச் சீறும். தீ நீலமாக இருக்கும் வரை கவலையில்லை. மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் வாயு சரியாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரலாம் என்று அர்த்தம். அதற்கு வாடையும் கிடையாது, மீத்தேன் அலாரமும் அதைப் பிடிக்காது.

சரி, இனி ஆட்கள்.

எங்கள் குடியிருப்பில் மீட்டர்கள் எல்லாம் படிக்கட்டோரம் ஒரு பெட்டிக்குள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மாலை படியேறும்போது அந்த வாடை. அழுகிய முட்டைக்கோஸ் என்பார்கள், கெட்டுப்போன முட்டை என்பார்கள்; ஒருமுறை மோந்தவர்களுக்கு மறக்காது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக விளக்கு ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். "அண்ணே, ஸ்விட்சத் தொடாதீங்க" என்றேன். "இருட்டா இருக்கே, எப்படிப் பாக்குறது?" என்றார். நியாயமான கேள்விதான். பார்க்கவே வேண்டாம் என்பதுதான் பதில். எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது, அணைந்ததைப் போடவும் கூடாது. இரண்டிலும் ஸ்விட்சுக்குள் சின்னப் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேன், லிஃப்ட், காலிங் பெல் எல்லாம் அதே கணக்கு. கைக்கெட்டிய வால்வை மூடினோம். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. படிக்கட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவுகளைத் தட்டி எல்லோரையும் கீழே வரச் சொன்னோம். போனை வெளியே வந்த பிறகுதான் எடுத்தோம்.

அங்கேதான் ஒரு கடுப்பு. பில்லில் பெரிதாகப் போட்டிருந்த எண் பில் தகராறுகளுக்கானது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. அவசர எண் தனியாக, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது, அதாவது வாடை வரும் இடத்துக்குள்ளேயே. நல்லவேளையாக ஒருவர் முன்பே போனில் பதிந்து வைத்திருந்தார். ஆள் வந்தது வேகமாகத்தான். கருவியை நீட்டிப் பார்த்து, மீட்டர் இணைப்பில் வாஷர் காய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மாற்றி, சோப்பு நீர் தடவிக் குமிழி வரவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். திரும்ப வாயு திறப்பதற்கு முன் எல்லா வீட்டு அடுப்புக் குமிழ்களும் மூடியிருக்கின்றனவா என்று வீடு வீடாகப் பார்த்தார். அது மிக அவசியம். சப்ளை நின்றபோது எரிந்துகொண்டிருந்த அடுப்பை மறந்து திறந்தே விட்டிருந்தால், வாயு திரும்ப வரும்போது தீயில்லாமல் கொட்டும்.

அந்த வாடை இயற்கையானது இல்லை. மீத்தேனுக்கு வாடையே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளியில் தரைக்கு அடியில் கசிந்து சேர்ந்த வாயு வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். யாருக்கும் வாடை தெரியாததால் கசிவு யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் அங்கே மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களைக் கலப்பது கட்டாயமானது. அமெரிக்க விதிப்படி, தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் இருக்கும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும். அதாவது சுமார் ஒரு சதவீதத்திலேயே.

ஆனால் மூக்கை முழுதாக நம்பி உட்காரவும் முடியாது. கொஞ்ச நேரம் அதே வாடையில் இருந்தால் மூக்கு மரத்துவிடும், "இப்ப வரலை, போயிடுச்சு" என்று தோன்றும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வாடை சரியாகத் தெரியாமல் போகலாம். நிலத்தடியில் கசிந்தால் மண்ணே வாடையை உறிஞ்சி வடிகட்டிவிடும். மேலே தார், சிமென்ட் மூடியிருந்தால் வாயு பக்கவாட்டில் நகர்ந்து, சாக்கடைக் குழாய் வழியாக, கேஸ் இணைப்பே இல்லாத வீட்டுக்குள்கூடப் போய்ச் சேரலாம். அதனால் வேறு அடையாளங்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது: மழைநீர்த் தேக்கத்தில் ஓயாத குமிழி, காரணமில்லாமல் ஒரு திட்டு மட்டும் காய்ந்துபோன புல், சீறும் சத்தம், மண்ணிலிருந்து எழும் புழுதி.

தொலைதூர உயர் அழுத்தக் குழாய்கள் பலவற்றில் வாடையே கலப்பதில்லை. ஊர் விநியோகத்துக்குள் வரும் இடத்தில்தான் கலக்கிறார்கள். அந்தப் பெரிய குழாய்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் "வாடை வந்தால் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்வது பாதி விழிப்புணர்வுதான். 2014 ஜூன் 27 அதிகாலையில் ஆந்திராவில் ‘நகரம்’ என்ற பெயருள்ள கிராமத்தில் குழாயிலிருந்து கசிந்து பரவிய வாயு தீப்பற்றி 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். வீடுகளும் தென்னந்தோப்புகளும் எரிந்தன.

தெருவில் தோண்டுகிறவர்கள்தான் எனக்கு நிரந்தரத் தலைவலி. தெருவுக்கடியில் இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் குழாய், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். துருப்பிடிக்காது, வளைந்து கொடுக்கும், நன்றாகவே உழைக்கும். ஆனால் பொக்லைன் பல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேபிள் போட வருகிறவர், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வருகிறவர், மரம் நட வருகிறவர் என்று யாராவது ஒருவர் தோண்டிக்கொண்டேதான் இருக்கிறார். ஓரமாக நிற்கும் எச்சரிக்கைக் கல்லைக் காட்டினால், "கல்லுலேர்ந்து தள்ளித்தான் சார் தோண்டுறோம்" என்கிறார்கள். அந்தக் கல் இந்தப் பகுதியில் குழாய் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே குழாய் வளைந்து போகலாம்; சாலையை உயர்த்தியதில், மண்ணை வழித்ததில் ஆழமும் மாறியிருக்கலாம். நிறுவனத்தின் ஆள் வந்து தடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகு, குழாய்க்கு அருகில் கையால்தான் தோண்ட வேண்டும். எச்சரிக்கை நாடா கண்ணில் பட்டால் அதற்கும் கீழே குழாய் இருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

குழாய் அறுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்குப் பயம், கீறிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களிடம்தான். 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியென் தொழிற்பேட்டையில் நடந்தது இதுதான். கட்டுமான இயந்திரம் முன்னமே உரசி, உயர் அழுத்தக் குழாயின் சுவரை மெலிதாக்கியிருந்தது. பிறகு அழுத்தம் கூட்டப்பட்டபோது குழாய் அங்கே கிழிந்தது. கசிவுத் தகவல் கேட்டுத் தீயணைப்பு வீரர்கள் வந்திருந்த நேரத்தில் வெடித்து, அவர்களில் சிலர் உட்பட 24 பேர் இறந்தார்கள். எஃகுக் குழாயில் மேல்பூச்சு மட்டும் உரிந்தாலும் துரு அங்கேதான் தொடங்கும். ஆகவே தோண்டுகிறவரிடம் திட்டாமல் பேச வேண்டியிருக்கிறது. திட்டினால் அடுத்த முறை கீறினாலும் சொல்ல மாட்டார். அறுந்தே போனால் துணி சுற்றுவது, குழாயை மடக்கி அடைப்பது எல்லாம் வேண்டாம். இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுக் காற்றுக்கு எதிர்த்திசையில் விலகிப் போய், அங்கிருந்து கூப்பிட வேண்டும். தீப்பிடித்திருந்தால் அதை அணைக்கவும் முயலக் கூடாது. எரிகிற வாயு அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எரியாமல் பரவுகிற வாயு எங்கே போய்ப் பற்றும் என்று சொல்ல முடியாது.

நிறுவனம் விழிப்புணர்வுக்காக என்ன செய்தது என்றால், வருடாவருடம் வழவழப்பான தாளில் துண்டுப் பிரசுரம். உள்ளே இருப்பதெல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் அது போவது வீட்டு உரிமையாளர் கைக்கு. மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அது போவதில்லை, வாசலில் நிற்கும் காவலாளிக்கும் போவதில்லை, பகலில் நாங்கள் இல்லாதபோது அடுப்படியில் வேலை செய்கிறவருக்கும் போவதில்லை. ஒருமுறை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள், வேலைநாள் காலையில். வந்தவர்கள் ஏற்கனவே எல்லாம் தெரிந்தவர்கள்.

எங்களுக்குப் பலன் தந்தது காவலாளிதான். தெருவில் பொக்லைன் வந்து நிற்பது முதலில் அவர் கண்ணில்தான் படும். வளாகத்துக்குள் குழாய் போகும் தடத்தை, பொது வால்வு இருக்கும் இடத்தோடு வரைந்து அவர் அறையில் ஒட்டினோம், அவசர எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு. யார் தோண்ட வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். அதன் பிறகு வந்த கேபிள்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் தடம் குறிக்கும் வரை காத்திருந்தார்கள். அந்த ஒரு காகிதம் செய்ததை அத்தனை வருடப் பிரசுரங்களும் செய்யவில்லை என்பது என் கணிப்பு.

வீட்டுக்குள் இன்டீரியர் வேலை இன்னொரு தனிப் பிரச்சினை. குழாய் கண்ணை உறுத்துகிறது என்று பலகை அடித்து மறைக்கிறார்கள், வால்வை அலமாரிக்குள் தள்ளி அதற்கு முன்னால் டப்பாக்களை அடுக்குகிறார்கள். ஒரு வீட்டில் குழாயிலேயே கொக்கி மாட்டித் துணிப்பை தொங்கியது. மறைத்தே ஆக வேண்டும் என்றால் மேலும் கீழும் காற்றோட்டத் துளை விட்டு, வால்வுக்கு எட்டும் இடைவெளி வைக்க வேண்டும். குழாயை நகர்த்தும் வேலையைத் தச்சரிடமோ பிளம்பரிடமோ கொடுக்கவே கூடாது. கம்பி வலை வைத்த ரப்பர் ஹோஸின் மேல் தேதி இருக்கும். அது தாண்டினால் மாற்ற வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும்.

வாடகைக்கு வருகிறவர்கள் விஷயத்தில்தான் இன்னும் முழுதாகத் தேறவில்லை. பழைய குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவர்களோடு போய்விடுகிறது. இப்போது சங்கத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: புதிதாக வருகிறவர் சாவி வாங்கும் அன்று, யாராவது ஒருவர் கூடப் போய் வால்வை அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்க வைத்து, அவசர எண்ணை அவர் போனில் பதிய வைத்துவிட்டு வர வேண்டும். உரிமையாளர்களில் பாதிப் பேர் ஒத்துழைக்கிறார்கள். மற்றவர்கள் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவதால், அந்த வீடுகளுக்கும் அவரே சொல்லிக் கொடுக்கிறார்.