நாலு வருஷம் குடியிருந்துட்டு சொல்றேன்: வீடு கட்டும்போது நாங்க கேட்டு வாங்கின வசதிகள்ல எது தேறுச்சு, எது தேறல

புது வீட்டுக்கு போன முதல் மாசம் யார் கேட்டாலும் எல்லாமே நல்லா இருக்குன்னுதான் வாயில வரும், பெயின்ட் வாசனையே போயிருக்காது, அப்ப எழுதுற ரிவ்யூவால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதனால வேணும்னேதான் இவ்ளோ நாள் எழுதாம இருந்தேன். இப்ப நாலு வருஷம் ஆச்சு, நல்ல மழையும் பாத்தாச்சு நல்ல வெயிலும் பாத்தாச்சு, ரெண்டு பேரும் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாத்த காலமும் போச்சு, நடுவுல அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி எங்க கூடவே வந்துட்டாங்க. இதுக்கெல்லாம் வீடு எப்படி ஈடு குடுத்துச்சுன்னு வச்சுதான் மார்க் போடுறேன். இப்பவே சொல்லிடறேன், பூச்சு வேலைக்கு முன்னாடி சுவருக்குள்ளயும் தரைக்குள்ளயும் போனது பெரும்பாலும் ஜெயிச்சுருச்சு, கடைசில கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு போட்டதுல பாதி எங்களுக்கு உதவவே இல்ல.

முதல் இடம் காலி பைப்புக்குதான். ஆமா, பின்னாடி வயர் இழுக்கறதுக்காக சுவருக்குள்ள புதைச்சு வைக்கிற, உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் கான்ட்யூட் பைப். மொட்டை மாடில இருந்து மெயின் போர்டு வரைக்கும் ஒண்ணு, போர்டுல இருந்து கார் நிறுத்துற இடத்துக்கு ஒண்ணு, ஹால்ல டிவி மாட்டுற உயரத்துல இருந்து கீழ இருக்குற பிளக் பாயிண்ட் வரைக்கும் ஒண்ணு, கேட்டுக்கு ஒண்ணு, எல்லாத்துலயும் உள்ள நைலான் கயிறு விட்டு ரெண்டு முனையையும் மூடி வச்சாச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட இதெல்லாம் எதுக்கும்மா இப்பன்னு கேட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு சோலார் போட்டப்ப மாடில இருந்து வயர் எடுக்க அரை நாள் கூட ஆகல, ஒரு சுவத்தையும் கொத்தல, வெளிச்சுவர்ல பைப்பு தொங்கல. கார் சார்ஜருக்கும் அதே கதைதான், 32 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ் சார்ஜர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 7.4 கிலோவாட் இழுக்கும், அதுக்கு போர்டுல இருந்து தனி லைன், தனி பிரேக்கர் வேணும், ஏற்கனவே இருக்குற ஏதோ ஒரு பிளக்ல சொருகுற சமாச்சாரம் இல்ல. பைப் இருந்ததால தடிமனான வயரை அப்படியே இழுத்துட்டாங்க. இதுல ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. பைப்பை கொஞ்சம் பெருசாவே போடுங்க, நாங்க 25 மில்லிமீட்டர் போட்டோம், சார்ஜர் லைனுக்கு மட்டும் அதைவிட பெருசு. அப்புறம் பைப்ல வளைவு அதிகமா வந்தா கயிறு இருந்தாலும் வயர் நகராது, ரெண்டு வளைவுக்கு மேல போகும்னா நடுவுல ஒரு பாக்ஸ் வச்சுடுங்க.

அதே மாதிரிதான் நெட்வொர்க் கேபிள். கான்கிரீட் சுவர் உள்ள வீட்ல வைஃபை ஒரு ரூம் தாண்டுனாலே திணறும், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரை தாண்டுறதுல ரொம்ப வீக். நாங்க ஒவ்வொரு பெட்ரூமுக்கும், மாடிப்படி மேல சீலிங்குக்கும் கேட்-6 கேபிள் இழுத்து எல்லாத்தையும் ஒரே அலமாரில கொண்டு வந்து முடிச்சோம். கேட்-6ல 1 கிகாபிட் வேகம் 100 மீட்டர் வரைக்கும் போகும், 10 கிகாபிட்டே சுமார் 55 மீட்டர் வரைக்கும் தாங்கும், ஒரு வீட்டுக்குள்ள இதுக்கு மேல தூரம் எங்க வரப்போகுது. மாடிப்படி மேல இருக்குற வைஃபை பெட்டிக்கு கரண்டும் அதே கேபிள்லயே போகுது, பக்கத்துல பிளக் பாயிண்டே தேவைப்படல. ரெண்டு மீட்டிங் ஒரே நேரத்துல ஓடுனாலும் ஒரு நாள் கூட கட் ஆனதில்ல. டேட்டா கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே பைப்ல போட மட்டும் விடாதீங்க, வேலை சுலபமாகும்னு போட பாப்பாங்க, கூடவே நின்னு பாத்துக்கோங்க.

செலவே இல்லாத ஒண்ணு இருக்கு, அதுக்கும் முழு மார்க். பூச்சு போடுறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் தரையையும் டேப் வச்சு போட்டோ எடுத்தோம், தரைல இருந்து எத்தனை சென்டிமீட்டர்ல பைப் போகுது, மூலைல இருந்து எவ்வளவு தள்ளி வயர் ஏறுதுன்னு படத்துலயே தெரியுற மாதிரி. பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை. இன்னிக்கும் சுவர்ல ஒரு ஆணி அடிக்கணும்னா முதல்ல அந்த போட்டோவைத்தான் பாக்குறோம்.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியம். கட்டும்போது அம்மா நல்லாத்தான் இருந்தாங்க, மாடிக்கு என்னைவிட வேகமா ஏறுவாங்க. ஆனாலும் எங்க ஆர்க்கிடெக்ட் ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தார், கீழ இருக்குற பெட்ரூம், அதோட பாத்ரூம் ரெண்டுக்கும் கதவு திறந்த பிறகு உள்ள கிடைக்குற வழியே குறைஞ்சது 32 இன்ச் இருக்கணும்னு. கதவோட அகலம் வேற, கிடைக்குற வழி வேற, நிலைல கதவோட தடிமன் கொஞ்சம் தின்னுடும், அதனால 36 இன்ச் கதவா போட்டோம். அவர்தான் ரொனால்ட் மேஸ் பத்தி சொன்னார், சின்ன வயசுல போலியோ வந்து வீல்சேர்ல இருந்த அமெரிக்க ஆர்க்கிடெக்ட், ஊனமுற்றவங்களுக்குன்னு தனியா செய்யாம எல்லாருக்கும் பொருந்துற மாதிரியே கட்டடத்தை வடிவமைக்கணும்னு சொல்லி "யுனிவர்சல் டிசைன்"ங்குற பேரை பரப்பினவர். அப்ப கேட்டுட்டு சரி நல்ல விஷயம்னு விட்டுட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு அம்மா வாக்கரோட வாசல்ல வந்து நின்னப்பதான் அது எனக்கு உண்மையா புரிஞ்சுது. ஆஸ்பத்திரி பாத்ரூம்ல கதவு பக்கவாட்டுல இடிச்சு இடிச்சு போனவங்க இங்க யார் உதவியும் இல்லாம நேரா உள்ள போனாங்க, அன்னிக்கு எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

பாத்ரூம்ல கைப்பிடிக்கு முன்கூட்டியே இடம் செஞ்சு வச்சதும் அதே மாதிரி. எங்களுது ஹாலோ பிளாக் சுவர், உள்ள காலியா இருக்கும், அதுல சாதாரணமா ஸ்க்ரூ அடிச்சா ஒரு ஆளோட முழு வெயிட்டை நம்பி விட முடியாது. அதனால டாய்லெட் பக்கத்துலயும் ஷவர் பக்கத்துலயும், கைப்பிடி வர்ற 33 இன்ச்ல இருந்து 36 இன்ச் உயரத்தை சுத்தி இருக்குற பிளாக்ல மட்டும் கான்கிரீட் நிரப்பிட்டோம். ரெண்டு வருஷமா கைப்பிடியே மாட்டல, வேணும்னு வந்த அன்னிக்கு ஒரு மணி நேரத்துல மாட்டியாச்சு. ஷவருக்கு திண்டு கட்டல, தரை அப்படியே சரிவா போகும், ஒரு அடிக்கு கால் இன்ச் சரிவு, தண்ணி வெளிய வரல. இதுக்கு வாட்டர்ப்ரூஃபிங் சரியா இருந்தே ஆகணும், டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி வடிகாலை அடைச்சு தண்ணி தேக்கி ஒரு முழு நாள் விட்டு பாத்தோம், ஒரு மூலைல கசிஞ்சுது, அங்க திரும்ப போட வச்சு மறுபடியும் தேக்கி பாத்த பிறகுதான் டைல்ஸ்.

கிச்சன்ல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, மேடை என் உயரத்துக்கு இருக்கணும். நான் 152 சென்டிமீட்டர். முன்னாடி இருந்த வாடகை வீட்ல 90 சென்டிமீட்டர் மேடை, காய் நறுக்கி முடிச்சா தோள்பட்டை ரெண்டும் காதுகிட்ட வந்து நிக்கும். முழங்கையை மடக்கி நின்னு, அந்த உயரத்துல இருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழ மேடை இருந்தா வசதின்னு சொல்லுவாங்க, அந்த கணக்குல 83 வச்சோம். சிங்க் இருக்குற பகுதியை மட்டும் 90லயே விட்டோம், ஏன்னா சிங்குக்குள்ள கை கீழ போகும், அதுவும் தாழ்வா இருந்தா முதுகு வளையும். பாக்குறவங்க மேடை ஏன் ரெண்டு உயரமா இருக்குன்னு கேப்பாங்க, நின்னு வேலை செஞ்சு பாத்தா கேக்க மாட்டாங்க. மேடைக்கு கீழ அலமாரி கதவு வேண்டாம்னு எல்லாமே ட்ராயரா போட்டதும் நல்ல முடிவு, பின்னாடி இருக்குற பாத்திரத்துக்காக குனிஞ்சு தலையை உள்ள விட வேண்டியதில்ல. கிச்சன்ல நடக்குற ஒவ்வொரு அடியையும் கணக்கு பாத்து வடிவமைக்கிறது நேத்து வந்த யோசனை இல்ல, 1926லயே மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கின்னு ஒரு ஆஸ்திரிய பெண் ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து குடியிருப்புகளுக்காக சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுல ஒரு கிச்சனை இப்படித்தான் வடிவமைச்சாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, இன்னும் மேடை உயரத்தை கேக்காமலே கட்டி குடுக்குறாங்கன்னா எனக்கு கோபம்தான் வருது. தினமும் ரெண்டு மணி நேரம் அங்க நிக்கப்போறது நாமதானே.

ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு வச்சுக்கோங்க, ஒரு குழாய் லீக் ஆச்சுன்னு வீடு முழுக்க தண்ணிய நிறுத்த வேண்டாம். சுடுதண்ணி லைன்ல நாங்க ஏமாந்தோம். ஹீட்டர் ஒரு மூலைல, மேல் பாத்ரூம் இன்னொரு மூலைல, நடுவுல பைப்பே 12 மீட்டர் வருது. 15 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள பைப்னா ஒரு மீட்டர்ல 170 மில்லி லிட்டருக்கு மேல தண்ணி நிக்கும், அப்ப ஒவ்வொரு தடவையும் ரெண்டு லிட்டர் பச்சத்தண்ணி போன பிறகுதான் சூடு வரும். இப்ப அதை பக்கெட்ல பிடிச்சு செடிக்கு ஊத்துறோம். ரெண்டு பாத்ரூமையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சிருந்தா இந்த தொல்லையே இல்ல, பிளான் போடும்போதே பாக்க வேண்டியது.

ஒரே லைட்டை ரெண்டு இடத்துல இருந்து போட்டு அணைக்கிற டூவே சுவிட்ச் மாடிப்படிலயும் கட்டில் பக்கத்துலயும் கண்டிப்பா வேணும், அதைப் பத்தி ரெண்டு கருத்தே இல்ல. பிளக் பாயிண்ட்டை தரையோட ஒட்டி வைக்காம 45 சென்டிமீட்டர் உயரத்துல வச்சது அம்மாவுக்கும் நல்லது எனக்கும் நல்லது.

தேறாததுல முதல்ல அந்த டச் பேனல் ஆட்டோமேஷன். லைட், ஃபேன், திரை எல்லாம் ஒரே கம்பெனியோட பேனல்ல ஓடுற மாதிரி வயரிங்கையே மாத்தி அமைச்சாங்க, மூணாவது வருஷம் ஒரு பேனல் போச்சு, அந்த மாடலே இப்ப வர்றதில்லன்னு சொல்லிட்டாங்க, ஒரு ரூம்ல பத்து நாள் லைட்டே இல்ல. சாதாரண சுவிட்ச்சுக்கு உண்டான வயரிங்கும் நியூட்ரல் வயரும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸ்லயும் இருந்தா போதும், ஸ்மார்ட் சுவிட்ச் எப்ப வேணாலும் மாட்டிக்கலாம், கழட்டியும் போட்டுடலாம். ஹால்ல பெரிய கண்ணாடி ஜன்னல், திறக்கவே முடியாத மாதிரி ஃபிக்ஸ் பண்ணினது, மேற்கு பாத்தது, சாயங்காலம் அந்த பக்கம் உக்கார முடியல. எதிரெதிர் சுவர்ல ரெண்டு சின்ன ஜன்னல் திறந்தா வர்ற காத்துக்கு அது ஈடாகாது. பெட்ரூம் கதவெல்லாம் உள்ள கூடா இருக்குற லேசான கதவு, ஹால்ல பேசுறது அப்படியே உள்ள கேக்குது, திடமான கதவு போட்டு கீழ இருக்குற இடைவெளிய அடைச்சிருந்தா நல்லாவே குறைஞ்சிருக்கும்.

எல்லாத்தையும் விட நான் வருத்தப்படுறது ஹால் நடுவுல கேட்டு கேட்டு வச்ச அந்த பள்ளத்துக்கு. உக்கார்ற பகுதி மட்டும் 15 சென்டிமீட்டர் கீழ இறங்கி இருக்கும், படத்துல பாத்து ஆசைப்பட்டு நானே கேட்டது, ஆர்க்கிடெக்ட் அப்பவே வேண்டாம்னார். சாய்வுதளம் போடலாம்னு பாத்தா 1-க்கு 12 சரிவுக்கு, அதாவது உயரத்தை மாதிரி 12 மடங்கு நீளம்னா, 1.8 மீட்டர் வேணும், ஹால்ல பாதியை அதுவே எடுத்துக்கும். பள்ளத்தை நிரப்பி தரையை சமமா ஆக்கணும்னா டைல்ஸ் மொத்தமும் மாத்தணும், அந்த வேலை நடக்குற வரைக்கும் அம்மாவை எங்க வச்சுக்குறதுன்னு இன்னும் முடிவாகல. இப்போதைக்கு அம்மா அந்த படிகிட்ட வந்தா யாராவது எழுந்து போய் கை குடுக்குறோம்.