பழைய டொயோட்டா பிக்கப்புக்கு எந்த டீசல் இன்ஜின்?

அமெரிக்காவில் 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் விற்ற டொயோட்டா ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப்புக்கு இன்றும் மவுசு குறையவில்லை. மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று பெயர் பெற்ற அதே வண்டிதான். துரு பிடிக்காத சேஸிஸ் ஒன்று கிடைத்துவிட்டால் வைத்திருப்பவர் விற்க மனம் வராமல் வைத்திருப்பார். குறை ஒன்றுதான்: பெரும்பாலானவற்றில் இருப்பது 2.4 லிட்டர் 22ஆர் அல்லது 22ஆர்இ பெட்ரோல் இன்ஜின். உழைப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 22ஆர்இ-யின் உச்சமே 116 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவிசைதான். 33 அங்குல டயர், பின்னால் கூடாரமும் தண்ணீர் கேனும், முன்னால் கொலராடோ மலையேற்றம் என்று மூன்றும் சேர்ந்தால் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே போகும்.

இலங்கை உட்படப் பல நாடுகளில் இதே வண்டி டீசலோடு ஓடியது. அமெரிக்காவில் டொயோட்டா 1981இல் டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து, 80களின் நடுவிலேயே நிறுத்திவிட்டது. அதனால்தான் அங்கே டீசல் ஆசை உள்ளவர்கள் இன்ஜினையே மாற்றுகிறார்கள். இந்தப் பேச்சில் நான்கு இன்ஜின்கள் அடிபடும்: கம்மின்ஸ் ஆர்2.8, ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ, டொயோட்டாவின் 1கேஇசட்-டிஇ, பழைய கம்மின்ஸ் 4பிடி.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டீசல் செலவு மிச்சம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். அமெரிக்காவில் பல வருடங்களாக டீசல், பெட்ரோலைவிடப் பொதுவாக விலை கூடுதல். மைலேஜில் வரும் லாபம் இன்ஜின் மாற்றும் செலவை ஈடுகட்டக் காலம் போதாது. குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை, ஒரே டேங்கில் கூடுதல் தூரம், செங்குத்துப் பாறையில் இன்ஜின் அணையாமல் நிதானமாக ஏறும் பிடிப்பு, இவை வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்கள் 22ஆர்இ-யை நல்ல கையில் கொடுத்துப் பிரித்துக் கட்டுவதே மேல்.

இன்ஜினை ஒப்பிடும்போது எல்லோரும் குதிரைத்திறனில் தொடங்குகிறார்கள். நான் நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதில் தொடங்குவேன். 31 அங்குல டயர், 4.10 ஆக்சில் விகிதம், ஐந்தாவது கியர் 0.85 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 105 கிலோமீட்டரில் இன்ஜின் கிட்டத்தட்ட 2,450 சுற்றில் ஓடும். 33 அங்குல டயருக்காக 4.88 விகிதம் போட்டவர்களுக்கு அதே வேகத்தில் 2,750 சுற்றை நெருங்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டீசல் அந்த அளவுக்குச் சுற்றாது, அதனால் அங்கே இந்த எண்தான் முதல் வடிகட்டி.

4பிடி இங்கேயே அடிபட்டுப் போகிறது. 3.9 லிட்டர், முழுக்க மெக்கானிக்கல், ரொட்டியும் சிப்ஸும் ஏற்றிப்போன டெலிவரி வேன்களில் காலம் காலமாக உழைத்த இன்ஜின். 105 குதிரைத்திறனில் 360 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இழுவிசை தருவது உண்மைதான். ஆனால் வேன்களிலிருந்து கழற்றிய நிலையில் 2,500 சுற்றை ஒட்டியே, சுற்றுக்கு வரம்பு போடும் கவர்னர் பிடித்துவிடும். ஸ்பிரிங் மாற்றிச் சுற்றைக் கூட்டலாம். அப்போது அதிர்வு கூடும். எடை சுமார் 340 கிலோ. 1986 மாடல் முதல் வந்த, முன்சக்கரம் தனித்தனியாக அசையும் ஐஎஃப்எஸ் வண்டியில் ஸ்பிரிங் வேலை பார்க்கும் டார்ஷன் பார்கள் இந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. முழு அளவு டிரக்கில் 4பிடி எனக்குப் பிடிக்கும். இந்தச் சின்ன வண்டியில் அது வேண்டாம். தவிர, அதை நவீன இன்ஜின் என்று சொல்லவும் முடியாது.

இப்போது மற்ற மூன்றுக்கும் வருவோம்.

ஆர்2.8 என்பது கம்மின்ஸ் இதற்காகவே பெட்டியில் வைத்து விற்ற இன்ஜின். சீனாவில் ஃபோட்டான் கூட்டு நிறுவனத்தில் தயாராகும் ஐஎஸ்எஃப்2.8 குடும்பத்தைச் சேர்ந்தது. 161 குதிரைத்திறன், 1,800 சுற்றிலேயே 362 நியூட்டன் மீட்டர். கணினிக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு என்பதால் சத்தமும் புகையும் குறைவு. 2,450 சுற்று இதற்குச் சுகமான இடம். 2,750 கூடத் தொந்தரவு இல்லை. எடை சுமார் 230 கிலோ, அதாவது 4பிடியைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு.

இதன் பெரிய வரம் ஒயரிங். இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ, ஒயரிங் ஹார்னஸ், ஆக்சிலரேட்டர் பெடல், சின்ன டிஸ்பிளே எல்லாம் பெட்டியோடு வந்தன. காமன் ரெயில் இன்ஜினை வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்துபவர்கள் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது. இங்கே அந்த வேலை பெரும்பாலும் முடிந்தே வருகிறது. இன்டர்கூலர், ரேடியேட்டர், இன்ஜின் மவுண்ட், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் அடாப்டர் மட்டும் நம் பொறுப்பு.

அந்த "மட்டும்" பெரிய பில்லாகத்தான் முடியும். ஏனென்றால் 362 நியூட்டன் மீட்டரை 22ஆர்இ-யின் பின்னால் இருக்கும் டபிள்யூ56 கியர்பாக்ஸ் தாங்காது. அது 190க்குச் செய்யப்பட்டது. கொஞ்ச நாள் ஓடலாம். பாரம் ஏற்றி மலை ஏறும் நாளில் கியர் பல்லோ பேரிங்கோ போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் வி6 பிக்கப்பில் வந்த ஆர்150எஃப் அல்லது 22ஆர்டிஇ டர்போ பிக்கப்பில் வந்த ஆர்151எஃப் கியர்பாக்ஸைத் தேடிப் பிடிக்கிறார்கள். இரண்டிலும் ஆர்151எஃப்-தான் என் தேர்வு. அதோடு வரும், இழுவிசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உறுதியான கியரில் ஓடுவது. ஆர்150எஃப்-க்குப் பின்னால் இருப்பது செயினில் ஓடுவது. கியர்பாக்ஸ் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், கிராஸ்மெம்பர் நகரும், கியர் லீவர் ஓட்டையும் இடம் மாறும். பின் டிஃபரன்ஷியலும் வி6 அல்லது டர்போ வண்டியில் இருந்த வலுவான 8 அங்குல வகையாக இருப்பது நல்லது. முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்சில் உள்ள 1985 வரையிலான வண்டி என்றால் அங்கும் 8 அங்குலம்தான். ஐஎஃப்எஸ் வண்டியின் முன் டிஃபரன்ஷியல் 7.5 அங்குலம். பாறையில் லோ ரேஞ்ச் போட்டு முழு இழுவிசையையும் கொடுத்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

ஆக, ஆர்2.8 வாங்குபவர் உண்மையில் ஒரு முழு டிரைவ்லைன் வாங்குகிறார். 2017இல் விற்பனைக்கு வந்தபோது இன்ஜினின் விலை மட்டும் 8,999 டாலர். மீதியையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெட்டி பிரிக்காத புது இன்ஜின் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கியர்பாக்ஸ் தேடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் டிடிஐ இதற்கு நேர் எதிர். 1999 முதல் 2003 வரை அமெரிக்க ஜெட்டா, கோல்ஃப் கார்களில் வந்த ஏஎல்எச் வகையைத்தான் சொல்கிறேன். 1.9 லிட்டர், 90 குதிரைத்திறன், 1,900 சுற்றில் 210 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் 22ஆர்இ-யைவிடக் குதிரைத்திறன் குறைவு. பலர் இதோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. 22ஆர்இ தன் 190ஐ எட்ட 2,800 சுற்று வேண்டும். டிடிஐ 1,900லேயே 210 தருகிறது. மிதமான ஏற்றத்தில் கியர் குறைக்காமல் போகலாம் என்றால் காரணம் அதுதான். 210 என்பதால் டபிள்யூ56 கியர்பாக்ஸ், கிளட்ச் பெடல், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் எதையும் தொட வேண்டாம். டொயோட்டா கியர்பாக்ஸோடு இதைச் சேர்க்கும் அடாப்டர் பிளேட்களை ஆக்மி அடாப்டர்ஸ் போன்ற கனடா நிறுவனமே விற்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். காரில் குறுக்காகப் படுத்திருந்த இன்ஜினை இங்கே நீளவாக்கில் நிறுத்த வேண்டும். ஆயில் சம்ப் முன் டிஃபரன்ஷியலில் இடிக்கிறதா, டர்போவின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்றுக் குழாய் எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். ஈசியூவில் திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபிலைசரை நீக்காவிட்டால் இன்ஜின் ஒரு நொடி ஓடி அணைந்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் ரகம், எனவே வாங்கிய கையோடு பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டுவிட வேண்டும். கார் முழுதாகக் கிடைத்தால் முழுதாகவே வாங்குங்கள். ஹார்னஸ், பெடல், சென்சார் எல்லாம் ஒன்றோடொன்று பழகிய நிலையில் கிடைக்கும்.

பிரேக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்டேக்கில் சும்மாவே கிடைக்கும். டீசலில் கிடைக்காது. ஏஎல்எச்-இல் ஹெட்டின் கோடியில் கேம்ஷாஃப்ட் சுழற்றும் வேக்குவம் பம்ப் இருக்கிறது. குழாயை இணைத்தால் போதும். வேறு இன்ஜின் என்றால் பம்ப் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தனியாகப் பொருத்தாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.

1கேஇசட்-டிஇ மீது டொயோட்டா பிரியர்களுக்குத் தனிப் பாசம். டொயோட்டா வண்டிக்கு டொயோட்டா இன்ஜின், சரி. 3.0 லிட்டர், தொடக்ககால வகையில் 130 குதிரைத்திறனை ஒட்டியும் 290 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவும் தரும். பின்னால் இன்டர்கூலரோடு வந்ததில் அது 343 வரை போனது. ஜப்பானில் ஹைலக்ஸ் சர்ஃபிலும் பிராடோவிலும் ஓடியது. ஆர் வகை கியர்பாக்ஸோடு இயல்பாகவே சேரும். பொருத்தும் வேலையில் மூன்றில் இதுதான் சுலபம்.

ஆனால் இதன் அலுமினிய ஹெட் சூடானால் வெடிப்பு விடும். இது பேர்போன பலவீனம். நேரடி இன்ஜெக்‌ஷன் இல்லாமல் பக்க அறையில் எரியும் பழைய அமைப்பு என்பதால் கூலன்ட்டுக்குப் போகும் வெப்பமும் அதிகம். பாரம் இழுத்து நீண்ட ஏற்றம் ஏறுவதுதான் நோக்கம் என்றால், அந்த நோக்கத்துக்கே பகையான குறை இது. நல்ல ரேடியேட்டரும் கூலன்ட் அளவு குறைந்தால் எச்சரிக்கும் அலாரமும் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. உதிரிபாகமும் அமெரிக்க டொயோட்டா ஷோரூமில் கிடைக்காது, அந்த நாட்டில் இந்த இன்ஜின் விற்கப்பட்டதே இல்லை. கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும். பாலைவனத்தின் நடுவில் ஒரு சென்சார் போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தால், ஊருக்கு ஊர் பாகம் கிடைக்கும் ஜெட்டா இன்ஜின் எவ்வளவு நிம்மதி என்று புரியும்.

என் முடிவு இது. 31 அங்குல டயர், லேசான சாமான், ஊர் சுற்றும் வண்டி என்றால் டிடிஐ. வண்டியின் எடைக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்துவது அதுதான், பலர் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டிரெய்லர் இழுக்க வேண்டும், 33க்கு மேல் டயர் போட வேண்டும், ஆர்151எஃப்-உம் கைக்கு வந்துவிட்டது என்றால் ஆர்2.8. கியர்பாக்ஸை மாற்றாமல் ஆர்2.8 போடுவதை மட்டும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 1கேஇசட் கனடாவில் இருப்பவருக்கு நியாயமான தேர்வு. 15 வருடம் கடந்த ஜப்பான் வண்டிகளை இறக்குமதி செய்ய அங்கே அனுமதி உண்டு, அதனால் இன்ஜினும் பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். ஆர்2.8ஐ கம்மின்ஸ் விற்றதே, 1999 மாடலிலும் அதற்கு முந்தையதிலும் பொருத்திச் சாலையில் ஓட்டலாம் என்ற மத்திய மாசு விதிக்கு உட்பட்டுத்தான். நாம் பேசும் பிக்கப்புகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கலிஃபோர்னியா இன்னும் கறார்: மாற்றும் இன்ஜின் வண்டியின் வருடமோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அந்த இன்ஜினோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அரசு நியமித்த ரெஃப்ரி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஸ்டிக்கர். அமெரிக்கச் சான்றே பெறாத 1கேஇசட்டுக்கு அங்கே வழி இல்லை. ஏஎல்எச் வாங்குபவர்கள் எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பழைய இரும்புக்குப் போடாமல் இன்ஜினோடு சேர்த்தே எடுத்து வரட்டும்.