பழைய சீரியல் செட்: சரிசெய்வதா, காயலான் கடையா, மின்கழிவுக்கா?

தீபாவளிக்குக் கட்டிய சீரியல் செட், கிறிஸ்துமஸ் ஸ்டாரோடு சேர்ந்து எரிந்து, பொங்கல் முடிந்த பிறகுதான் மாடிக் கைப்பிடியை விட்டு இறங்கும். புதுச்சேரியில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். இறக்கும்போது பாதி எரியாது. அப்புறம் அது பரணுக்குப் போகும், இல்லையென்றால் தெருமுனைத் தொட்டிக்கு.

நமக்கு இருப்பது நான்கு வழிகள். சரிசெய்து திரும்பக் கட்டலாம். காயலான் கடையில் எடைக்குப் போடலாம். மின்கழிவாகச் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். குப்பை வண்டியில் போடலாம்.

கடைசி வழியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். புதுச்சேரிக் குப்பை குருமாம்பேட் கிடங்குக்குப் போகிறது. ஈரக் குப்பையோடு பின்னிக்கொண்டு போகிற ஒயரை அங்கே யாரும் பிரித்து எடுக்கப்போவதில்லை. சின்ன பல்புதானே என்று நினைக்கவும் முடியாது. கிறிஸ்துமஸ் செட்டுகளில் வரும் வகைச் சிறு எல்.இ.டி.க்களை நொறுக்கிச் சோதித்த கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. வெளிச்சம் குறைந்த சிவப்பு எல்.இ.டி.யில், அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல எட்டு மடங்கு வரை ஈயம் இருந்தது. டியூப் லைட்டில் இருக்கும் பாதரசம் இதில் இல்லை, உண்மைதான். அதற்காக இதைச் சாதாரணக் குப்பையாக எண்ண முடியாது.

மீதி மூன்றில் எது சரி என்பதை உங்கள் வசதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரிசெய்வது

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம், கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் எல்.இ.டி. செட் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணம் இல்லை. உப்புக் காற்றுதான். எல்.இ.டி.யின் கால்கள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய இரும்பு. பிளாஸ்டிக் மூடிக்குள் ஈரம் புகுந்தால் கால் துருப்பிடித்து ஒடிந்துவிடும். மூடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டும், ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், பல்பு மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு இடம் அறுந்ததால் அதோடு தொடராகக் கோத்த பல்பு அத்தனையும் அணைந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரில் (விளக்கை மின்னவைக்கும் குட்டிப் பெட்டி) உள்ள மின்தேக்கியில் தங்கிய மின்சாரம் வடியக் கொஞ்ச நேரம் விட்டபின் வேலையைத் தொடங்குங்கள். எல்.இ.டி. செத்ததா என்று பார்க்க மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று போதும். கழற்றிய எல்.இ.டி.யின் நீளக் காலை பிளஸ் பக்கமும் குட்டைக் காலை மைனஸ் பக்கமும் வைத்தால், உயிர் இருக்கிற எல்.இ.டி. எரியும். செத்ததை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறொன்றைச் சால்டர் செய்து, மேலே சூடுபட்டால் சுருங்கும் குழாய் போட்டு மூடினால் சரி. நிறம் முக்கியம். சிவப்புக்குச் சுமார் இரண்டு வோல்ட்தான் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் மூன்று.

பழைய இழை பல்பு செட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அணைந்த பல்பை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்ப்பதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். 230 வோல்ட்டில் 40 பல்பு தொடராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். ஐந்தை எடுத்துவிட்டால் மிச்சமுள்ள ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 6.6 வோல்ட் தாங்க வேண்டும். பளிச்சென்று எரியும், ஆனால் அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும். புது பல்பு போடுவதுதான் ஒழுங்கான வழி.

இன்னொன்று, வெயிலில் காய்ந்து உறை வெடித்துப்போன ஒயரைச் சரிசெய்யவே வேண்டாம். வளைத்துப் பார்த்தால் கீறல் தெரியும். நேராக 230 வோல்ட் ஓடுகிற ஒயர் அது. மழை ஈரத்தில், குழந்தைகள் கை எட்டுகிற கிரில்லில் அதைக் கட்டக் கூடாது.

காயலான் கடை

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இந்த ஊரில் மறுசுழற்சி என்று உண்மையில் நடப்பதில் பெரும் பங்கு மூன்று சக்கர வண்டிக்காரர்களும் காயலான் கடைகளும் செய்வதுதான். பந்தல் லைட் செட்டுக்காரர்கள் வைத்திருந்த பழைய தடித்த ஒயரில் நல்ல செம்பு இருக்கும். கையாலேயே உறையை உரித்து எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட ஒயருக்குக் காயலான் கடையே போதும், காசும் கிடைக்கும்.

இன்றைக்கு வரும் மலிவு செட்டுகளின் கதை வேறு. ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் ஒயர் நுனியில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பாகவே இருந்தாலும் தலைமுடி போன்ற இழைகள்தான். அதை உரித்து எடுக்கிற கூலிக்குக்கூட அந்தச் செம்பு தேறாது. அதனால் கடைக்காரர் வேண்டாம் என்பார். அப்படியே வாங்கினாலும், அது போய்ச் சேருகிற இடத்தில் எரித்துத்தான் உலோகத்தை எடுப்பார்கள்.

இந்த எரிப்புதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பி.வி.சி. உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின் என்ற நச்சுப் பொருள்களும் வரும். உறையில் ஈயம் கலந்திருந்தால் அது சாம்பலில் தங்கும். மூச்சில் முதலில் இழுப்பவர் எரிக்கிறவர், அடுத்து பக்கத்துக் குடிசைக் குழந்தை. திறந்தவெளியில் கழிவு எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை செய்து, 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. மொத்தமாக எரித்தால் 25,000.

எரிக்காமல் பிரிக்கவே முடியாதா என்றால், முடியும். சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் ஷிஜியாவ் என்ற ஊர், அமெரிக்கா கழித்துப்போட்ட கிறிஸ்துமஸ் விளக்குகளை வாங்கிப் பிரிப்பதற்கே பேர்போனதாக இருந்தது. அங்கேயும் முதலில் எரித்தார்கள். பிறகு ஒயரைத் தூளாக நறுக்கி, குலுங்குகிற மேசையில் தண்ணீர் ஓடவிட்டுப் பிரித்தார்கள். கனமான செம்பு மேசையில் தங்கும், லேசான பிளாஸ்டிக்கைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அந்தப் பிளாஸ்டிக் செருப்பு அடிப்பாகமாகக்கூட மாறியது. பழைய ஒயர், மோட்டார் போன்ற கழிவுகளின் இறக்குமதியை 2018 முடிவோடு சீனா நிறுத்தியது வேறு விஷயம். நறுக்கும் எந்திரமும் தண்ணீரும் இருந்தால் நெருப்பு தேவையில்லை என்பதுதான் இதில் நமக்கு வேண்டியது.

மின்கழிவாகக் கொடுப்பது

மெல்லிய ஒயர் செட்டுக்கு என் தேர்வு இதுதான். 2022-ன் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலும், கடலூர்க்காரர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். வாங்க வருகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள்.

குறையும் இருக்கிறது. ஒற்றைச் செட்டுக்காக யாரும் வண்டி எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். காசும் எதிர்பார்க்க முடியாது. காயலான் கடை தெருமுனையில் இருக்கிறது, இது அப்படியில்லை. தனி வீடாகச் செய்தால் இந்த வழி தோற்றுவிடும், தெருவாகச் சேர்ந்தால்தான் நடக்கும். ஒரு நகர் நலச் சங்கமோ, கோயில் விழாக் குழுவோ, பங்குக் கோயில் இளைஞர் குழுவோ மூட்டை வைத்துச் சேர்த்தால், பழைய சார்ஜர், மிக்ஸி, ரிமோட் எல்லாம் அதோடு வரும். எடை கூடினால் வண்டியும் வரும்.

ஆக, உறை வெடிக்காமல் இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள். தடித்த செம்பு ஒயராக இருந்தால் காயலான் கடையில் போடுங்கள், உரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மெல்லிய ஒயர், வெடித்த உறை, காந்தம் ஒட்டுகிற ரகம் எல்லாம் மின்கழிவு மூட்டைக்கு.

மூட்டை வைப்பதற்குப் பொங்கல் முடிந்த மறுவாரம் நல்ல நேரம். மூன்று பண்டிகை விளக்கும் அப்போதுதான் ஒன்றாக இறங்கும். செட்டை வெட்டாமல் சுருட்டிக் கட்டிப் போடச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் செட்டாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வாங்குங்கள். லித்தியம் பேட்டரி மூட்டைக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும்.